புது ஸ்போர்ட்ஸ் காரும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். புதுக் கார் வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தாலே, "டாப் எண்ட் மாடலையே எடுத்துடு" என்பார்கள். குடும்பக் காருக்கு அது சரிதான். ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கை, கையால் மடக்கும் கூரை. இன்றைக்கு அமெரிக்காவில் ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங் என்று மூன்று ரகங்களாக விற்கிறார்கள். தோல் இருக்கை வேண்டுமென்றால் கிராண்ட் டூரிங். நான் கை காட்டுவது, கையால் கியர் மாற்றும் கிளப். அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வருகிறது. டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பாகம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் அந்தச் சக்கரம் வீணாகச் சுழலும், வண்டி முன்னே போகாது. இது இருந்தால், தரையை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் சக்தி போகும். இருக்கை உறையும் ஸ்பீக்கரும் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்த டிஃபரன்ஷியலைப் பிறகு மாட்ட வேண்டுமென்றால் பின் அச்சையே பிரிக்க வேண்டும்.

சரி, வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. நான் அதிகம் பேச நினைத்தது இதைத்தான்: முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள்.

என் நண்பர் ஒருவர் புது வண்டியை எடுத்த கையோடு நெடுஞ்சாலையில் ஏறி, வண்டியைத் தானாக ஒரே வேகத்தில் ஓட வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டார். "பூ மாதிரி ஓட்டுறேன்" என்று போனில் பெருமையாகச் சொன்னார். "அடுத்த எக்ஸிட்டில் இறங்குங்கள், ஊர்களுக்குள்ளே புகுந்து வாருங்கள்" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக விடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கீறல்கள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றின் முனைகளில் உரசி உரசித்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் சுவரோடு படியும். ரிங்கை வெளிப்பக்கமாக அழுத்துவது எரிபொருள் எரியும்போது உண்டாகும் அழுத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கினால்தான் ரிங் நன்றாகப் படியும். ரொம்ப மென்மையாகவே ஓட்டினால் சுவர் பளபளப்பேறி, பின்னாளில் வண்டி எண்ணெய் குடிக்கும்.

அதற்காக முரட்டுத்தனமாக விரட்டவும் கூடாது. முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் கிளம்ப வேண்டாம், எஞ்சினை அலற விட வேண்டாம், நெடுநேரம் ஒரே வேகத்தில் போக வேண்டாம் என்று மஸ்டாவின் கையேடே சொல்கிறது. மறுபடியும் சொல்கிறேன், மெதுவாகவோ வேகமாகவோ, ஒரே வேகம் வேண்டாம். மேடு பள்ளம் உள்ள கிராமத்துச் சாலைதான் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். காலையில் எஞ்சின் சூடாகும் வரை பொறுமை வேண்டும். குளிர்ந்த எஞ்சினை விரட்டுவது பழைய வண்டிக்கும் கெடுதல்தான்.

அப்புறம் டயர், பிரேக். நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். புது டயரின் மேல்தோல் வழுக்கும். அது தேய்கிற வரை, முக்கியமாக மழையில், வளைவுகளில் நிதானம் வேண்டும். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும், அவசியமில்லாமல் சடாரென்று மிதிக்காதீர்கள். முதல் ஆயில் மாற்றுவதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். கையேட்டில் போட்டிருக்கும் கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள், இப்போதைக்கு அது போதும். வணக்கம்.