விசாரணையே இல்லாமல் அரசு வேலை பறிபோகுமா? 311-ஆவது பிரிவும் நீதிமன்றமும்

வணக்கம். தூக்குத் தண்டனையிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்த ஒருவருக்கு, அதே நீதிமன்றம் பறிபோன வேலையைத் திருப்பித் தர மறுத்தது. அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, ஊழியரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே பணிநீக்கம் செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311(2) பிரிவு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் அஞ்சும் 17(பி) என்ற குற்றச்சாட்டுக் குறிப்பாணை அந்த நடைமுறையின் தொடக்கம்தான். ஆனால் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு விசாரணை உசிதமல்ல என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் அது தேவையில்லை என்று (சி) உட்பிரிவு விலக்களிக்கிறது. 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், இந்த விலக்குகளை உறுதிசெய்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். விசாரணை நடத்த இயலாத சூழலுக்கான (பி) உட்பிரிவின்கீழ் நீக்கும் அதிகாரி, காரணத்தை எழுதிவைத்தே ஆக வேண்டும். (சி)யில் அந்தக் கட்டாயமே இல்லை. எழுதப்படாத காரணத்தை நீதிமன்றம் எப்படிச் சோதிக்கும்?

உளவுத்துறை ஊழியர்கள் தொடுத்த ஏ.கே.கௌல் வழக்கில் 1995-இல் விடை கிடைத்தது. மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய எஸ்.ஆர்.பொம்மை வழக்கின் அளவுகோலை எடுத்துக்கொண்ட நீதிமன்றம், தீய நோக்கத்தோடோ சம்பந்தமில்லாத காரணத்துக்காகவோ பிறப்பித்த ஆணையை ரத்துசெய்யலாம் என்றது. ஆனால் ஆதாரம் போதுமானதா என்று எடைபோட மறுத்தது.

இனி அந்த மனிதர். டெல்லி காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்த அவருக்கு, இந்திரா காந்தி கொலை வழக்கில் கீழ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது, 1988-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் (சி)யின்கீழ் அவரை நீக்கியது செல்லும் என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. கொலை வழக்கில் கேட்கப்பட்டது குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்பட்டதா என்பது. பணிநீக்க வழக்கில் கேட்கப்பட்டது, சம்பந்தமுள்ள தகவல் ஏதேனும் அரசின் கையில் இருந்ததா என்பது மட்டுமே. ஒருவரின் வாழ்வாதாரத்தைப் பறிக்க இவ்வளவு தாழ்ந்த அளவுகோல் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019-க்குப் பிறகு ஜம்மு காஷ்மீரிலும் இந்தப் பிரிவின்கீழ் பலர் நீக்கப்பட்டிருப்பதால், இது பழங்கதையும் அல்ல. இப்படி ஆணை பெற்றவர்கள் உங்களுக்குத் தெரிந்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆதார ஆவணங்களை ரகசியம் என்று அரசு காக்கலாம், ஆனால் ஊழியர் எத்தகைய செயலில் ஈடுபட்டார் என்பதையாவது நீதிமன்றத்திடம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது கௌல் தீர்ப்பு. வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.