முள்துருத்தியில் ஒரு பார்லிமெண்ட்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஆற்றுக்கு நடுவே திட்டாக நிற்கும் நிலத்துக்குத் தமிழில் துருத்தி என்று பெயர். திருப்பூந்துருத்தி ஊர்ப் பெயரில் இருப்பது அதுதான். பழைய ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்த சொல் 'ஏ'. லண்டனின் பேட்டர்சி, பெர்மண்ட்சி என்ற பெயர்களின் வாலில் இருப்பது அந்தச் சொல்லே. நான் பேச வந்தது தார்னி பற்றி. முள் மண்டிய துருத்தி என்று பொருள். இன்றைய வரைபடத்தில் தேடினால் தீவு கிடைக்காது. அதன் மேல்தான் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் உட்கார்ந்திருக்கிறது. 1947 ஜூலையில் நம் சுதந்திரச் சட்டம் நிறைவேறியதும் அந்த மேட்டில்தான்!

ஹாம்ஸ்டெட் பக்கத்திலிருந்து டைபர்ன் என்றொரு சிற்றாறு இறங்கி வந்தது. தேம்ஸில் கலக்குமுன் அது கிளை பிரிந்தது. கிளைகளுக்கு நடுவே சரளை மேடு, சுற்றிலும் சதுப்பு. பத்தாம் நூற்றாண்டில் டன்ஸ்டன் என்ற பிஷப் அங்கே துறவிகளைக் குடியேற்றினார். அடுத்த நூற்றாண்டில் எட்வர்டு மன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பெரிய தேவாலயமே எழுப்பினார். 1065 டிசம்பர் 28 அன்று அர்ப்பணிப்பு விழா. மன்னரோ படுத்த படுக்கை. எட்டே நாளில் காலமானார். மடத்தை ஒட்டி அரண்மனை, 1097இல் தொடங்கிய பெருமண்டபம் என்று மேடு நிறைந்துபோனது.

சரி, தீவு எப்போது கரையோடு சேர்ந்தது? தேதி சொல்ல முடியாது. மடத்துக்காரர்கள் ஓடைத் தண்ணீரில் மாவு ஆலை ஓட்டினார்கள். பக்கத்து ஆற்றங்கரைக்கு மில்பாங்க் என்ற பெயர் அதனால் வந்தது. வண்டல் படிந்தது, குப்பை விழுந்தது, ஓடை சாக்கடையானது. சாக்கடைக்கு மூடி போட்டார்கள். கிரேட் காலேஜ் தெரு என்று இன்று நடக்கிறார்களே, அது ஓடை போன தடம். டைபர்ன் இப்போதும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அடியில் குழாய்க்குள் போகிறது.

ஒரு கதை சொல்லாமல் விட மனமில்லை. 1365 வாக்கில் மூன்றாம் எட்வர்டு தன் நகைகளை வைக்க ஒரு கோபுரம் கட்டினார். இடம் மடத்துத் தோட்டத்தில் பிடுங்கியது. பிடுங்கிக் கொடுத்த அதிகாரி வில்லியம் அஷ்போர்ன். அங்கே மீன் வளர்த்தார், அதிலே ஒன்றைச் சாப்பிடும்போது தொண்டையில் சிக்கி மாண்டார். மடத்துத் துறவிகள் இதை ஆண்டவன் தீர்ப்பு என்று எழுதிவைத்தார்கள். துறவிகளுக்கும் வயிறு எரியும் போலிருக்கிறது! கோபுரம் இன்றும் நிற்கிறது.

1834இல் அரண்மனை எரிந்த பிறகு கட்டிய புதிய பார்லிமெண்ட், தேம்ஸுக்குள்ளேயே சுவர் எழுப்பி நிலம் பிடித்தது. ஆறு சும்மா இருந்ததா? அதற்கு வெகுகாலம் முன்பே, 1236 வெள்ளத்தில் பெருமண்டபத்துக்குள் படகு விட்டிருக்கிறார்கள். 1928 ஜனவரி 7, நள்ளிரவு தாண்டிய நேரம், மில்பாங்க் கரைச்சுவர் இடிந்தது. பெருமண்டபத்துக்குள் மறுபடி தண்ணீர். டேட் கலைக்கூடத்தில் டர்னரின் ஓவியங்கள் நனைந்தன. லண்டனில் அன்றிரவு 14 பேர் மாண்டார்கள். தரைக்குக் கீழுள்ள அறைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஏழைகளே அவர்களில் அதிகம். மில்பாங்க் பக்கம் அவர்கள் வாடகைக்கு இருந்த நிலம் மேடு இல்லை. துருத்தியைச் சுற்றிக் கிடந்த பழைய சதுப்பு.