தங்கூசியும் தாராவும்

(வன்னியில் இரணைமடுக் குளத்தை அண்டிய ஊரொன்றில், நன்னீர் மீனவர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கத்துப் பெரியவர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மாரி தொடங்கிவிட்டது. கனகராயன் ஆறு இறங்கி, குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில்தான் வடக்கேயிருந்து தாராக்களும், அதாவது காட்டு வாத்துகளும், வந்து சேரும். ஊசிவால் தாராவும் நீலச்சிறகியும் சைபீரியப் பக்கமிருந்து பறந்து வருகிறவை. அவை தங்க வன்னியில் இடத்துக்குக் குறைவில்லை. சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. கொக்கிளாய் 1951இல் சரணாலயமானது. வங்காலை 2010இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பறவைக்கு எல்லைக்கல் தெரியாது. அது நம் குளக்கட்டிலும் இறங்கும், வயலிலும் இறங்கும். அங்கே அடிபட்டுக் கிடந்தால் முதலில் காண்பது நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் பேச வந்தேன்.

குளத்து மதகான துருசடியில் ஒருமுறை நீர்க்காகம் ஒன்றைப் பிடித்தோம். தூரத்தில் பார்க்கச் சிறகு காயவைப்பது போலத்தான் இருந்தது. கிட்டப் போனால் ஒரு சிறகுதான் விரிந்திருக்கிறது. மற்றதில் தங்கூசி, அந்த ஒற்றை இழை நைலோன் நூல், பல சுற்றுச் சுற்றித் தோலை அறுத்து உள்ளே இறங்கிவிட்டது. மேலே தோல் மூடத் தொடங்கியதால் நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவினால்தான் தட்டுப்பட்டது. கொத்திவிடும் என்று பயந்த தம்பி ஒருவர் அலகைக் கட்டப் போனார். வலை போடுகிற பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். நீர்க்காகத்துக்கு வெளியே மூக்குத் துளை இல்லை, வாயால்தான் மூச்சு விடும். கட்டியிருந்தால் நம் கையிலேயே செத்திருக்கும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். உயிர் தப்பியது, சிறகு தப்பவில்லை.

ஆகவே பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். அடிபட்ட பறவையைக் கலைத்துக் கலைத்துப் பிடிக்காதீர்கள். பயமே பாதி உயிரைக் குடித்துவிடும். துவாயோ பழைய சாரமோ எடுத்துத் தலையை மூடிப் போடுங்கள், வெளிச்சம் மறைந்தால் அடங்கும். சிறகை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள், நெஞ்சை மட்டும் அமத்த வேண்டாம். நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. கொக்கும் நாரையும் கண்ணைப் பார்த்துத்தான் கொத்தும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தாகமாயிருக்கும் என்று வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாலும் வேண்டாம். மூச்சுக்குழல் வாசல் நாக்கின் வேர்ப்பக்கத்திலேயே இருப்பதால் நேரே அதற்குள் போய்விடும்.

தூண்டில் முள் ஏறியிருந்தால் இழுக்கவே கூடாது. நூலைக் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டு வைத்தியரிடம் கொடுங்கள். போரில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உள்ளே இறங்கிய இரும்பைக் கண்டபடி தோண்டக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லலாம். வீட்டில் வைத்து வளர்ப்போம் என்று நினைக்க வேண்டாம். சட்டமும் விடாது, பறவைக்கும் நல்லதல்ல.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் பூங்காவில் காட்டு வாத்துகளுக்குப் பாண் போடுகிற படத்தை அனுப்புவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் குஞ்சுப் பருவத்தில் அதையே தின்று வளர்ந்தால் சிறகின் நுனி மூட்டு வெளிப்பக்கம் திருகிப்போகும் என்கிறார்கள். வளர்ந்த பிறகு அதை நிமிர்த்த முடியாது, அந்த வாத்து பறக்கவே பறக்காது. இன்னொன்று, வாத்தும் தாராவும் இறகு உதிர்க்கும்போது பறக்கும் இறகெல்லாம் ஒன்றாகக் கொட்டிவிடும். சில வாரம் நடந்தும் நீந்தியும்தான் திரியும். காயம் என்று நினைத்து அதைப் பிடித்தால் நல்லாயிருந்த பறவையைத்தான் கெடுப்போம்.

இப்போது சங்கத்து அண்ணன்மாரிடம் வருகிறேன். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் இன்னும் வருகிறது என்பதும் தெரியும்: மலிவு, மீனுக்குத் தெரியாது. மீனுக்குத் தெரியாதது முக்குளிக்கிற பறவைக்கும் தெரியாது. அறுந்த துண்டு உக்குவதில்லை, கோடையில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் பாதி புதைந்து கிடக்கும், காலில் சிக்கும். வலையிலிருந்து கழன்ற ஈயக்கட்டியும் அப்படியே. தாரா இரையை அரைக்கச் சிறு கல் விழுங்கும், சின்ன ஈயத்தைக் கல்லென்று விழுங்கினால் அது விஷம். இங்கிலாந்தில் அன்னங்கள் அப்படிச் சாகத் தொடங்கித்தான் 1987இல் தூண்டில் ஈயக்குண்டுகளைத் தடைசெய்தார்கள். அன்னங்களும் திரும்பப் பெருகின.

உங்கள் பிழைப்பை நிறுத்தச் சொல்லி நான் வரவில்லை. கேட்பது இதுதான். சங்கக் கட்டடத்துக்கு முன்னால் மூடியுள்ள பீப்பா ஒன்று வையுங்கள். அறுந்த வலை, நூல், ஈயம் எல்லாம் கரையில் விடாமல் அதற்குள் போகட்டும். தோணி ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கட்டும். மாணவர்கள் குளக்கட்டைச் சுற்றி வந்து பொறுக்கத் தயார் என்று அவர்களின் ஆசிரியர் சொல்லியிருக்கிறார், பெரியவர்கள் யாராவது கூடப் போக வேண்டும். பீப்பா தர ஒருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டார். கூடப் போக விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.