கடலில் போக ஒரு சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பியரின் கடல் பேரரசுகள் என்றதும் பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும். 1498, வாஸ்கோடகாமா, கோழிக்கோடு, பிறகு கோட்டைகள், போர்கள். நான் பேச வந்தது ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றி. போர்த்துக்கீசியர் அதைக் கர்த்தாஸ் என்றார்கள். கப்பல் கடலில் போவதற்கான அனுமதிச் சீட்டு.

அரபிகளும் குஜராத்திகளும் தமிழரும் மலாய்க்காரரும் பருவக்காற்றைப் பிடித்துப் பல நூறு ஆண்டுகளாக இந்தியப் பெருங்கடலில் போய்வந்துகொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்கம் கட்டினார்கள். கொள்ளையர் தொல்லையும் இருந்தது. அந்தக் கடலுக்குள் கப்பல்களை அனுப்பிய போர்த்துக்கல் மன்னர் முதலாம் மனுவேல், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகிய நாடுகளின் கப்பலோட்டத்துக்கும் வணிகத்துக்கும் தாமே அதிபதி என்று பட்டம் சூட்டிக்கொண்டார். லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு!

வெறும் பட்டம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கப்பலில் பீரங்கி இருந்தது. 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹோர்முஸ் என்று கடலின் வாசல்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். சீட்டின் விலை அற்பம்தான். ஆனால் அதை வாங்கியவர் போர்த்துக்கீசியத் துறைமுகத்துக்கு வந்து சுங்கம் கட்டியாக வேண்டும். வருமானம் அங்கேதான். கடைத்தெருவில் மாமூல் வாங்குபவர் 'உங்கள் பாதுகாப்புக்குத்தான்' என்பாரே, அதே கணக்கு. யாரிடமிருந்து பாதுகாப்பு? அவரிடமிருந்துதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரஹீமி என்று ஒரு பெரிய கப்பல். சூரத்திலிருந்து செங்கடலுக்கு ஹஜ் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும். உரிமையாளர் மரியம்-உஸ்-ஸமானி, அக்பரின் மனைவி, ஜஹாங்கீரின் தாயார். ஆம், முகலாயப் பேரரசரின் அம்மா கடல் வணிகம் செய்தார்! அந்த அம்மையாரின் கப்பலும் சீட்டு வாங்கியாக வேண்டும். மரியாளும் இயேசுவும் படமாக இருக்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மக்காவுக்குப் போவதா என்று அக்பர் அவையிலேயே முணுமுணுப்பு இருந்தது. வேறு வழி? வாங்கினார்கள்.

1613-இல், முறையான சீட்டு இருந்தும், போர்த்துக்கீசியர் ரஹீமியைப் பிடித்துப் பயணிகளோடு கொண்டுபோனார்கள். ஆங்கிலேயருக்குச் சூரத்தில் இடம் கொடுத்த கோபம் அவர்களுக்கு. ஜஹாங்கீர் விடவில்லை. போர்த்துக்கீசியர் வசமிருந்த டாமனை முற்றுகையிட ஆணையிட்டார், ஆக்ராவில் பாதிரியார்களின் தேவாலயத்தை மூடவைத்தார். நிலத்தில் அவரை அசைக்க ஆளில்லை. ஆனால் கடலில் மறித்த கப்பலை மீட்க அவரிடம் கடற்படை இல்லை. இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நாட்டைப் பிடித்தது பின்னால் வந்த கதை, முதலில் பிடிபட்டது வழி. போர்த்துக்கீசியரை நம்ப முடியாது என்றானபின் ஆங்கிலேயர் பக்கம் அவர் சாய்ந்தார். 1615-இல் தாமஸ் ரோ தூதராக வந்து இறங்கினார்.

அடடா, கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். டச்சுக்காரர் கதைக்கு அரை மணி நேரம் வேண்டும், இருப்பது அரை நிமிடம். 1603-இல் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை அவர்கள் கொள்ளையடித்தார்கள். அதை நியாயப்படுத்த அவர்களுடைய சட்ட அறிஞர் குரோஷியஸ், கடல் எல்லோருக்கும் பொது என்று 1609-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1641-இல் மலாக்காவைப் பிடித்த பிறகு அதே டச்சுக்காரர் மற்றவர்களுக்குச் சீட்டு எழுதினார்கள். 1658-இல் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போனது. ஆங்கிலேயரும் சீட்டு எழுதினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கணக் கரையில் மராட்டியத் தளபதி கானோஜி ஆங்கரே, தம் கடலில் போகும் வணிகக் கப்பல்கள் தம்மிடம் சீட்டு வாங்க வேண்டும் என்றார். அவரை ஆங்கிலேயர் கடற்கொள்ளையன் என்று எழுதிவைத்தார்கள். வணக்கம்.