கணக்கெடுப்பில் சிக்காதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடற்றவர் என்றதும் பாலத்தடியில் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கும் ஓர் ஆண்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். பல நகரங்களில் எடுக்கப்படும் கணக்கும் அப்படித்தான். ஓர் இரவில் தெருவில் படுத்திருப்பவர்களை எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதில் பெண்கள் குறைவாகவே சிக்குவார்கள். தெருவில் படுப்பது ஆபத்து என்பதால் அவர்கள் அங்கே படுப்பதில்லை. கடைசிப் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போகிறார்கள். மருத்துவமனை வராந்தாவில், நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் மாதிரி, பையை மடியில் அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் சில நாள் தங்கினால், அந்த வீட்டாரின் முகம் மாறுவதற்குள் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். ஒண்ட இடம் கொடுத்தவனே உடம்பைக் கேட்கும் கொடுமையும் நடக்கிறது.

இவர்கள் ஏன் வெளியே வந்தார்கள்? பெண்கள் வீட்டை இழக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று, வீட்டுக்குள் விழும் அடி. அடித்தவன் உள்ளேயே இருக்கிறான். பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் அவன் பெயரில். காப்பகத்துக்குப் போனால், பதின்வயது மகனைச் சேர்க்க மாட்டோம் என்கிற இடங்கள் உண்டு. மற்றப் பெண்களின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி அது, புரிகிறது. ஆனால் மகனை விடுவதா, அடிபடத் திரும்புவதா என்று ஒரு தாயைத் திண்டாட வைக்கும் விதியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இளைஞர்களில், குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. பல நாடுகளில் 18 வயதோடு அவர்களுக்கான பராமரிப்பு முடிந்துவிடுகிறது. பெற்ற பிள்ளையை அந்த வயதில் தனியாகப் பிழைத்துக்கொள் என்று அனுப்புவோமா? திருநர் என்பதற்காகவே குடும்பம் துரத்திவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். முகவரி இல்லையென்றால் அடையாள அட்டை வாங்குவதே பெரும்பாடு; அட்டை இல்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

1992இல் நியூயார்க்கில் வீடற்றவர்களுக்கு உதவும் ஒரு வழிமுறை தொடங்கியது. குடியை விடு, வேலை தேடிக்கொள் என்று நிபந்தனை போடாமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்ற உதவிகளைச் செய்வது. பின்லாந்து 2008 முதல் இதை நாட்டின் கொள்கையாகவே ஏற்று, பழைய தங்கும் விடுதிகள் பலவற்றைத் தனித்தனி வாடகைக் குடியிருப்புகளாக மாற்றியது. அங்கே வீடற்றோர் தொகை வெகுவாகக் குறைந்தது. உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு; ஒரு பெண்ணுக்கு அதைவிட அவசரமான உதவி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முதலில் அவள் கணக்கில் வர வேண்டும். தெருவில் தலைகளை எண்ணினால் போதாது. பள்ளியில், மருத்துவமனையில், காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்: "இன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்? அடுத்த மாதமும் அங்கேயே இருக்க முடியுமா?"