வளைவு வந்தது, வீதி வரவில்லை

நம் மொரீஷஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஐயா, தைப்பூசம் முடிந்தால் நாம் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். மும்பையில் ஆங்கில ராஜா வந்ததற்குக் கட்டிய கேட்வே ஆஃப் இந்தியா வாசலை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?" அருமையான கேள்வி. இரண்டு நாளாக இதையே அசைபோடுகிறேன்.

ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறேன் அம்மா. ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் 1911 டிசம்பரில் அங்கே இறங்கியபோது கல்வாசலே இல்லை. அட்டையில் செய்த மாதிரிதான் நின்றது. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அடிக்கல் 1913இல். திறப்பு விழா 1924இல். விருந்தாளி கை கழுவிப் போய்ப் பதின்மூன்று வருடம் கழித்துத் தோரணம்! அதற்கு நேராகச் சாலை போடப் பணமும் இல்லாமல் போயிற்று. இன்றும் சாலைக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி ஆங்கிலப் படை அந்த வழியாகத்தான் கப்பலேறியது.

இனி மதுரை. பழைய நேயர்கள் சிரிப்பது தெரிகிறது. எதைக் கேட்டாலும் இவர் மதுரைக்குப் போய்விடுவார் என்று. போகத்தான் போகிறேன். கோயிலிலிருந்து வெளியே வரவர ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. எல்லாம் மாதப் பெயர்கள். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்! மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். மாதம் மாறிற்று, தேர் வீதியை மாற்றவில்லை. எப்படி மாற்றும்? அவ்வளவு பெரிய தேர் மூலையில் திரும்ப வேண்டாமா? அங்கே யாராவது திண்ணையை நீட்ட முடியுமா? முன்பும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: தேர்தான் தெருவை அளந்தது. ஒரு தடவை வருகிறவருக்கு வாசல் போதும். வருடந்தோறும் வருகிற அம்மனுக்கு வீதி வேண்டும்.

ஆகவே தங்கை, வாசல் ஏன் நிற்கிறது என்பதை விடுங்கள். காவடி போகிற வழி நம் ஊரை என்ன செய்தது என்று கேளுங்கள். கிராண்ட் பாசின் புனித ஏரிக்குப் போகிற சாலைக்கு அத்தனை அகலம் எதற்கு? சிவராத்திரிக்கு நடந்து போகிறவர்களுக்காகத்தானே?

எங்கள் கோவிலில் முன்பெல்லாம் மூங்கில் வளைவுதான். பிறகு சிமெண்டில் கட்டினோம். முதல் தைப்பூசத்திலேயே உயரமான காவடி ஒன்று அதில் சிக்கி, மயிலிறகெல்லாம் பிய்ந்துவிட்டது. எல்லோரும் மேஸ்திரியைத் திட்டினார்கள். உயரத்தை அளந்து கொடுத்தவன் நான், வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து காவடிகள் பக்கத்துச் சந்து வழியாக வருகின்றன. வளைவு சும்மா நிற்கிறது. சந்தைத்தான் போன வருடம் அகலப்படுத்தினோம்.