ஜான் ஹர்ட்டின் கட்டை விரல்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டிசையான ப்ளூஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு படம் மனதில் வரும். நள்ளிரவு, நாற்சந்தி, சாத்தானிடம் ஆன்மாவை விற்றுவிட்டுக் கிதாரோடு திரும்பி வருகிற ஒருவன். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனைச் சுற்றி வளர்ந்த கட்டுக்கதை அது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இன்று பேச வந்திருக்கும் மனிதர் அந்தப் படத்தின் எந்த மூலையிலும் அடங்க மாட்டார். மிசிசிப்பி ஜான் ஹர்ட். குரலை உயர்த்தாமல் பாடியவர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே ஊரில், அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டுக் கழித்தவர்.

அந்த ஊர் அவலான். மிசிசிப்பி மாநிலத்தின் கேரல் கவுன்டியில், டெல்டா சமவெளி முடிந்து மேடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற சின்னக் கிராமம். 1890களின் தொடக்கத்தில் பக்கத்தில் டியோக் என்ற இடத்தில் பிறந்து, அவலானில் வளர்ந்தார். ஒன்பது வயதுவாக்கில் அம்மா ஒரு பழைய கிதார் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்பே, வீட்டுக்கு வந்துபோன ஒருவருடைய கிதாரை அவர் தூங்கும் நேரத்தில் எடுத்து ஒளிந்து ஒளிந்து வாசித்திருக்கிறார். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த குரு யாரும் இல்லை. "பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று நினைத்தேனோ அப்படி வாசித்தேன்" என்கிற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சரி, எப்படித்தான் வாசித்தார்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வலது கையை மட்டும் கவனியுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் கிதாரின் முகப்புப் பலகையில் ஊன்றியிருக்கும். கட்டை விரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பாட்டு நடுவில் என்ன நடந்தாலும் அது நிற்காது, ஓடாது, தயங்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கம்பிகளில் மெட்டை எடுக்கும். அந்த மெட்டு கட்டை விரலின் அடி மேல் நேராக விழுவது குறைவு. பெரும்பாலும் இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் வந்து உட்காரும். கேட்கிறவர் காலைத் தட்ட ஆரம்பிப்பது இதனால்தான். ஒரு வரியைப் பாதி பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வார், மீதியைக் கிதார் பாடி முடிக்கும்.

ஏன் இப்படி ஒரு முறை? என் கணிப்பு எளிமையானது. அவர் வாசித்தது சனிக்கிழமை இரவு நடன ஆட்டத்துக்கு. தாளம் போட வேறு ஆள் இல்லை, மெட்டு வாசிக்க வேறு ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வலது கை செய்ய வேண்டியிருந்தது. மென்மை, மென்மை என்று எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு. ஆட்டக்காரர்களுக்காக இரவு முழுக்கத் தாளம் பிசகாமல் வாசிக்கும் உறுதி அந்த மென்மைக்கு அடியில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தனித்தனி இசைத்தட்டு வரிசை போட்டு விற்ற காலம் அது. ஊரில் வாசித்தவர்கள் அப்படி முழுசாகப் பிரிந்து கிடக்கவில்லை. வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர், தன் வழக்கமான கிதார்க்காரர் வராதபோது ஹர்ட்டைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஓகே இசைத்தட்டு நிறுவனத்தின் டாமி ராக்வெலிடம் ஹர்ட்டைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். அப்படித்தான் 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் முதல் பதிவு. அதே டிசம்பரில் நியூயார்க்கில் மறுபடியும். பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' ஒட்டிக்கொண்டது நிறுவனத்தின் விற்பனை உத்தி.

நியூயார்க்கில் அவருக்கு ஊர் ஞாபகம் வாட்டியது. அதையே பாட்டாக்கினார். 'அவலான் ப்ளூஸ்'. அவலான் என் சொந்த ஊர், எப்போதும் அது என் மனதில் என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஹர்ட் பழையபடி வயலுக்கும் மாட்டுக்கும் திரும்பினார். அப்புறம் முப்பத்தைந்து வருடம் போகிறது.

1952இல் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன. நகரத்து இளைஞர்கள் அதைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தார்கள். பாடியவர் இறந்திருப்பார் என்றே நினைத்தார்கள். 1963 தொடக்கத்தில் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞருக்கு 'அவலான் ப்ளூஸ்' கேட்கக் கிடைத்தது. பாட்டிலேயே முகவரி இருக்கிறதே! புது வரைபடங்களில் ஊரைக் காணோம். ஒரு பழைய வரைபட நூலில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் இடையே இருந்தது. போனார், விசாரித்தார், மேட்டுமேல் மூன்றாவது தபால்பெட்டி என்று வழி சொன்னார்கள்.

கதவைத் திறந்த ஹர்ட் பயந்துபோனார். அமெரிக்க மத்தியப் போலீஸான எஃப்.பி.ஐ.யின் ஆள் என்று நினைத்தாராம். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில், பக்கத்து ஊரான கிரீன்வுட்டில், கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்யக் கேட்டதற்காக ஏழைகளுக்கான அரசு உணவு நிறுத்தப்பட்டிருந்தது. பிப்ரவரியில் கிரீன்வுட்டுக்கு வெளியே கறுப்பர் உரிமை இயக்கத் தொண்டர் ஒருவர் சுடப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் கறுப்பர் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸைக் கொன்றவன் கிரீன்வுட்காரன். அறிமுகமில்லாத வெள்ளைக்காரன் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால், எழுபது வயதுக் கறுப்பர் ஒருவர் வேறு என்ன நினைத்திருக்க முடியும்?

வீட்டில் கிதார் இல்லை. வந்தவர் கொண்டுவந்ததை வாங்கி வாசித்தார். கட்டை விரல் மறக்கவில்லை. சில மாதங்களில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை, அப்புறம் வாஷிங்டனில் குடியிருப்பு, காபிக் கடைக் கச்சேரிகள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்கான ஒலிப்பதிவு. 'காபி ப்ளூஸ்' என்ற அவர் பாட்டின் ஒரு தொடரிலிருந்துதான் 'தி லவின் ஸ்பூன்ஃபுல்' என்ற ராக் குழுவுக்கே பெயர் கிடைத்தது. மூன்றே ஆண்டுகள்தான் இந்த இரண்டாம் வாழ்க்கை. மறுபடி மிசிசிப்பிக்கே திரும்பி, 1966 நவம்பர் 2 அன்று கிரெனடாவில் காலமானார். பாடல் உரிமை பற்றிய வழக்குகள் அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டிருந்தன.

இப்போது 'ஸ்டாக் ஓ லீ' பாட்டைப் போடப் போகிறேன். 1895இல் செயின்ட் லூயிஸில் லீ ஷெல்டன் என்பவன் ஒரு தொப்பித் தகராறில் பில்லி லயன்ஸைச் சுட்டுக் கொன்ற உண்மைச் சம்பவம்தான் இந்தப் பாட்டின் கதை. மற்றவர்கள் இதைப் பாடும்போது துப்பாக்கிக்காரன் கதாநாயகனாகிவிடுவான். ஹர்ட்டிடம் அது நடக்காது. செத்தவனுடைய இரண்டு பிள்ளைகளையும் மனைவியையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார், அதுவும் பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்கிற குரலில். 1928 பதிவையே போடுகிறேன். கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1960களின் பதிவுகள் தெளிவானவைதான், ஆனால் இளமையின் அந்த வேகம் இதில்தான் இருக்கிறது. முதல் தடவை வார்த்தைகளை விட்டுவிடுங்கள், கட்டை விரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை போடும்போது கதையைக் கேட்போம்.